தெளிந்த அறிவின் சான்று: க்னூட் ஹாம்சுனின் வாழ்வும் எழுத்தும் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நார்வே நாட்டு நாவலாசிரியர் க்னூட் ஹாம்சுன் (1859–1952) உரைநடைப் புனைவின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவர். 1920-ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற இவர், இரண்டாம் உலகப் போரின்போது தம் நாட்டைக் கைப்பற்றிய நாஜி ஜெர்மனியை வெளிப்படையாக ஆதரித்தார். போருக்குப் பின் மருத்துவர் குழு அவருடைய மனத்திறன்கள் நிலையாகத் தளர்ந்துவிட்டன என அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் அவர்மீதான குற்றவியல் வழக்கு கைவிடப்பட்டது. 1949-இல் வெளிவந்த அவருடைய இறுதி நூல் அவ்வறிக்கையின் முடிவை ஐயத்திற்குள்ளாக்கியது. ஹாம்சுனின் வாழ்க்கைப் போக்கு, முதன்மைப் படைப்புகள், போர்க்காலச் செயல்பாடுகள், வழக்கு ஆகியவற்றைக் காலவரிசையில் நோக்கி, அவருடைய எழுத்தாற்றலை ஏற்பதும் அவரைப் பொறுப்புக்குரியவராகக் கொள்வதும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: க்னூட் ஹாம்சுன், நார்வே நாவல், பசி, நிலவளம், படைப்பாளியின் பொறுப்பு, நாஜி ஆக்கிரமிப்பு.

முன்னுரை

ஒரு படைப்பாளியின் வாழ்வு அவர்தம் படைப்பின் மதிப்பைக் குறைக்குமா என்னும் வினா திறனாய்வுலகிற்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைக் கூர்மையாக்கியவர்களுள் அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட், பிரெஞ்சு நாவலாசிரியர் செலின், நார்வே நாவலாசிரியர் ஹாம்சுன் ஆகிய மூவரும் குறிப்பிடத்தக்கவர்கள். மூவரும் தத்தம் மொழியின் உரைநடையையோ கவிதையையோ புதுப்பித்தவர்கள். மூவரும் பாசிசத்தின் பக்கம் சாய்ந்தவர்கள்.

தமிழில் நட் ஹாம்சன் என்ற பெயராலும் அறியப்படும் ஹாம்சுனைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் மூன்று வகையில் அமைகின்றன. படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று பிரிப்பது முதல்வகை. முதுமையும் செவிட்டுத்தன்மையும் அவரைத் தடுமாறச் செய்தன என்று இரங்குவது இரண்டாம் வகை. தொடக்கம் முதலே அவருடைய எழுத்து முழுவதும் பாசிசத்தின் முன்வடிவம் என்று ஒதுக்குவது மூன்றாம் வகை. இம்மூன்றும் சான்றுகளில் ஒரு பகுதியை ஏற்று, மறுபகுதியை விட்டுவிடுகின்றன. இவற்றை அவருடைய இறுதி நூலின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் அலைவும்

க்னூட் பெடர்சன் என்னும் இயற்பெயர் கொண்ட ஹாம்சுன் 1859 ஆகஸ்டு 4 அன்று நார்வேயின் உட்பகுதியிலுள்ள லோம் என்னும் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் வடதுருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள ஹாமரோய் பகுதியில் ஹாம்சுண்ட் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பதாம் வயதில் அவர் தாய்மாமன் ஹான்ஸ் ஓல்சனிடம் அனுப்பப்பட்டார். அங்கு அடியும் பசியும் கடும் உழைப்புமே அவருக்கு வாய்த்தன. தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த நரம்புத் தளர்ச்சிக்கு அவ்வாண்டுகளே காரணம் என அவர் பின்னாளில் கருதினார்.

முறையான பள்ளிக்கல்வி அவருக்கு மிகக் குறைவு. கடை உதவியாளர், ஊர் ஊராகச் சென்று பொருள் விற்பவர், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகுநர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் எனப் பல பணிகளில் அவர் அலைந்தார். 1877-இல் முதல் சிறுநூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. 1882 முதல் 1884 வரையும், 1886 முதல் 1888 வரையும் இருமுறை அமெரிக்காவில் வாழ்ந்தார். அங்குப் பண்ணைக் கூலியாகவும், சிகாகோ நகரில் டிராம் வண்டி நடத்துநராகவும் பணிபுரிந்தார். இடையில் நார்வேயில் இருந்தபோது, 1885-இல் வெளியான ஒரு கட்டுரையில் ஹாம்சுண்ட் என்ற பெயரின் ஈற்றெழுத்து அச்சில் விடுபட்டது. அவ்வடிவத்தையே அவர் தம் பெயராக நிலைநிறுத்திக்கொண்டார் என்பர்.

அமெரிக்க அனுபவத்தின் விளைவாக 1889-இல் அந்நாட்டின் அறிவுவாழ்வைச் சாடும் நூல் ஒன்றை வெளியிட்டார. எள்ளல் மிகுந்த இந்நூலில் மக்களாட்சியின் மீதான வெறுப்பும் கறுப்பின மக்களைப் பற்றிய இழிவான கருத்துகளும் இடம்பெற்றுள்ளன. பின்னாளில் இந்நூலின் மறுபதிப்பை அவர் விரும்பவில்லை. எனினும், முப்பது வயதிலேயே இக்கருத்துகள் அச்சேறிவிட்டன என்பது பின்வரும் விவாதத்திற்கு இன்றியமையாத செய்தியாகும்.

'பசி': அகமனத்தின் உரைநடை

1888-இல் கோபன்ஹேகனில் வெளிவந்த இதழொன்றில் ஆசிரியர் பெயரின்றி ஒரு கதைப்பகுதி வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கியது. அதுவே 1890-இல் 'பசி' என்னும் முழுநூலாக உருப்பெற்றது. கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) நகரத் தெருக்களில் உணவின்றி அலையும் பெயரற்ற இளம் எழுத்தாளன் ஒருவனின் தன்கூற்றாக இந்நாவல் அமைந்துள்ளது. நான்கு பகுதிகளாக அமைந்த இதில் வழக்கமான கதைப்பின்னல் இல்லை. அவன் பசிக்கிறான், எழுதுகிறான், சிறிது பணம் கிடைக்கிறது, மீண்டும் பசிக்கிறான். இறுதியில் ஒரு கப்பலில் வேலை பெற்று நகரை விட்டு நீங்குகிறான்.

வறுமையைப் பொருளாகக் கொண்டிருந்தும் இந்நாவல் சமூக அவலத்தைக் காட்டும் நாவலாக அமையவில்லை. கதைசொல்லி இரக்கத்தை ஏற்க மறுக்கிறான். தன் மேற்சட்டையை அடகு வைத்துப் பெற்ற பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறான். நாய்க்கு எனப் பொய்சொல்லி இறைச்சிக் கடையில் எலும்பு கேட்டு வாங்குகிறான். தங்க இடமின்றிக் காவல் நிலையத்தின் இருட்டறையில் ஓர் இரவைக் கழிக்கும்போது, எம்மொழியிலும் இல்லாத ஒரு சொல்லைப் புனைந்து, அதற்கு என்ன பொருள் கூடாது என்று தன்னோடு தானே வாதிடுகிறான். பசியால் நெகிழ்ந்த மனத்தின் பெருமிதம், வெட்கம், வெறி, நகைப்பு ஆகியவை ஒன்றையொன்று துரத்தும் விரைவை ஹாம்சுனின் உரைநடை பின்தொடர்கிறது. இறந்தகாலத்தில் தொடங்கும் எடுத்துரைப்பு முன்னறிவிப்பின்றி நிகழ்காலத்திற்கு மாறுவதும் இதற்குத் துணைசெய்கிறது.

அதே ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மனத்தின் நனவிலி இயக்கங்களை இலக்கியம் ஆராய வேண்டும் என ஹாம்சுன் வலியுறுத்தினார். 1891-இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், இப்சன் உள்ளிட்ட மூத்த எழுத்தாளர்கள் மனிதர்களை வகைமாதிரிகளாகச் சுருக்கிவிட்டனர் எனச் சாடினார். கிறிஸ்தியானியாவில் நடந்த பொழிவின்போது இப்சன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இக்கொள்கையின் செயல்வடிவங்களாக 'மர்மங்கள்' (1892), 'பான்' (1894), 'விக்டோரியா' (1898) ஆகியவை வெளிவந்தன. நனவோடை உத்தி என்னும் பெயர் இலக்கிய வழக்கில் நிலைபெறுவதற்கு முன்பே அதன் பல கூறுகள் இந்நாவல்களில் செயல்பட்டுள்ளன எனலாம்.

இந்நாவல்களின் மாந்தர்கள் உறுதியற்றவர்கள். தம் செயலுக்குத் தாமே காரணம் அறியாதவர்கள். எந்தக் கூட்டத்திலும் அவர்களால் சேர முடிவதில்லை. ஹாம்சுனின் எழுத்து முழுவதையும் பாசிசத்தின் முன்வடிவமாகக் கொள்வோர்க்கு இம்மாந்தர்கள் எளிதில் அடங்குவதில்லை. ஹாம்சுனின் நாவல்களில் முரண்நகை வகிக்கும் பங்கை அட்லெ கித்தாங் போன்ற நார்வே ஆய்வாளர்கள் வலியுறுத்துவதன் அடிப்படை இதுவே.

'நிலவளம்': மண்ணும் தீர்ப்பும்

1917-இல் வெளிவந்த நாவல் ஹாம்சுனுக்கு 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. க.நா.சுப்ரமண்யம் இதனை 'நிலவளம்' என்னும் பெயரில் தமிழாக்கினார். தமிழ் வாசகர் ஹாம்சுனை அறிந்தது பெரிதும் இந்நூல் வழியாகவே என்பதால் இது தனிக்கவனத்திற்கு உரியது.

ஐசக் என்பவன் ஆளற்ற காட்டுநிலத்திற்குத் தனியே வந்து குடிசை அமைத்து நிலம் திருத்துகிறான். மேலுதடு பிளந்த இங்கர் என்னும் பெண் அவனோடு சேர்ந்து வாழ வருகிறாள். நிலம் பண்ணையாக வளர்கிறது. சுரங்கத் தொழில், தந்தி, வணிகம், நகரமோகம் ஆகியவை வந்து போகின்றன; உழவு நிலைக்கிறது. முதல் உலகப் போரின் அழிவுக்கிடையே வெளிவந்த இந்நாவல் ஐரோப்பிய வாசகர்களுக்கு ஆறுதலாக அமைந்ததில் வியப்பில்லை.

ஆயினும் இந்நாவலை உழவின் பெருமை கூறும் நூலாக மட்டும் வாசிப்பது அதன் நடுநரம்பைத் தவறவிடுவதாகும். இங்கர் தன்னைப்போன்றே பிளந்த உதட்டுடன் பிறந்த பெண்குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். அவள் சிறை சென்று, உதடு சீர்செய்யப்பட்டு, தையல் கற்றுத் திரும்புகிறாள். நாவலின் பிற்பகுதியில் பார்ப்ரோ என்னும் மற்றொரு பெண்ணும் தன் குழந்தையைக் கொல்கிறாள். நீதிமன்றத்தில் அவளுக்காக ஓர் அலுவலரின் மனைவி பெண்களின் நிலை குறித்து உருக்கமாகப் பேசுகிறாள். பார்ப்ரோ விடுதலை பெறுகிறாள். இப்பேச்சு நாவலில் எள்ளலுடன் சித்திரிக்கப்பட்டுள்ளது.

இதன் பின்னணி நோக்கத்தக்கது. நாவல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1915-இல், சிசுக்கொலை புரிந்த தாய்க்கு விதிக்கப்பட்ட தண்டனை மிகக் குறைவு என நாளிதழில் எழுதி, இத்தகையோரைத் தூக்கிலிட வேண்டும் என ஹாம்சுன் கோரினார். அக்கோரிக்கையை எதிர்த்து எழுதியவர்களுள் சிக்ரித் உன்செத்தும் ஒருவர். இவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர். நாளிதழில் தூக்குமரம் கோரிய அதே கை, நாவலில் இங்கரின் குற்றத்தை அவள் சிறுவயது முதல் பட்ட அவமானத்திலிருந்து புரிந்துகொள்கிறது. இங்கருக்கு நாவல் வழங்கும் நீதி கட்டுரையாளரின் நீதியினும் ஆழமானது. பார்ப்ரோவின் பகுதியில் மட்டும் கட்டுரையாளரின் குரல் மீண்டும் மேலெழுகிறது.

நாவலில் இடம்பெறும் ஸாமி பழங்குடியினரின் சித்திரிப்பும் இவ்வாறே கருதத்தக்கது. கருவுற்ற இங்கர் முன் செத்த முயலைக் காட்டி, அவள் அச்சத்தைத் தூண்டுபவனாக அவ்வினத்தைச் சார்ந்த நாடோடி ஒருவன் வருகிறான். ஐசக் குடியேறிய நிலம் ஆளற்றது எனக் கூறப்பட்டாலும், அந்நிலப்பரப்பில் நெடுங்காலமாக நடமாடிவந்தோர் அம்மக்களே. அவர்களை இருளுக்குரியவர்களாகக் காட்டியே குடியேறியின் உரிமை இயற்கையானதாக நிறுவப்படுகிறது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் சிந்தனைப் பள்ளியைச் சார்ந்த லியோ லோவெந்தால் 1937-இல் எழுதிய கட்டுரை, ஹாம்சுனின் இயற்கை வழிபாட்டில் அதிகாரத்திற்குப் பணியும் மனநிலை பொதிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. நார்வே கைப்பற்றப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இம்மதிப்பீடு வெளிவந்துவிட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அரசியல் நிலைப்பாட்டின் காலவரிசை

ஹாம்சுனின் ஜெர்மானியச் சார்பு போர்க்காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று. 1890-களிலேயே ஜெர்மானியப் பதிப்பாளர் ஆல்பர்ட் லாங்கன் அவருடைய நூல்களை வெளியிட்டு, அவருக்குப் பரந்த வாசகர்களைத் தேடித்தந்தார். இங்கிலாந்தின் பேரரசுக் கொள்கையின்மீது அவர் கொண்ட வெறுப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. முதல் உலகப் போரிலும் அவர் ஜெர்மனியின் பக்கமே நின்றார்.

1935 நவம்பரில் இச்சார்பு கொடுமையான வடிவம் பெற்றது. நாஜி அரசின் வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானிய இதழாளர் கார்ல் ஃபான் ஓசியெட்ஸ்கிக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்க வேண்டும் என ஐரோப்பிய அறிவாளர்கள் குரல் எழுப்பினர். அப்போது, எதிர்த்துப் பேச வழியற்ற அக்கைதியை ஹாம்சுன் நாளிதழில் தாக்கி எழுதினார். நார்வே எழுத்தாளர்கள் பலர் கூட்டறிக்கை வெளியிட்டு அவரைக் கண்டித்தனர். 1935-ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு மறு ஆண்டில் ஓசியெட்ஸ்கிக்கே வழங்கப்பட்டது. சிறைப்பட்ட நிலையிலேயே அவர் 1938-இல் இறந்தார்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயின்மீது படையெடுத்தது. நார்வே வீரர்கள் இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த நிலையில், மே மாதத்தில், துப்பாக்கிகளை எறிந்துவிட்டு வீடு திரும்புமாறு ஹாம்சுன் அவர்களுக்கு அறைகூவல் விடுத்தார். அப்போது அவருக்கு வயது எண்பது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் ஆக்கிரமிப்பாளரை ஆதரித்துக் கட்டுரைகள் எழுதினார். இரண்டாம் மனைவி மாரி, க்விஸ்லிங் தலைமையிலான நஷ்யோனால் சாம்லிங் கட்சியில் சேர்ந்து, ஜெர்மனியெங்கும் சென்று கணவரின் படைப்புகளை வாசித்தார்.

1942 நவம்பர் 26 அன்று 500-க்கும் மேற்பட்ட நார்வே யூதர்களை ஏற்றிக்கொண்டு டோனாவ் என்னும் கப்பல் ஓஸ்லோவிலிருந்து புறப்பட்டது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். அதற்கு ஏழு மாதங்களுக்குப் பின், 1943-இல், ஹாம்சுன் தம் நோபல் பதக்கத்தை நாஜி பரப்புரை அமைச்சர் கோயபல்சுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதே ஜூன் மாதத்தில் வியன்னாவில் நடந்த இதழாளர் மாநாட்டில் இங்கிலாந்துக்கு எதிரான அவருடைய உரை இடம்பெற்றது. சில நாள்களில் ஹிட்லரைச் சந்தித்தார்.

அச்சந்திப்பில் ஹாம்சுன் புகழுரை கூறவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். நார்வேயின் ஜெர்மானிய ஆட்சிப் பொறுப்பாளர் டெர்போவனின் கொடுமைகளை எடுத்துரைத்து, அவரை நீக்குமாறு வற்புறுத்தினார். ஹிட்லர் சினந்து உரையாடலை முறித்துக்கொண்டார். மரணதண்டனை பெற்ற நார்வே நாட்டவர் பலருக்காக அவர் ஆட்சியாளர்களிடம் மன்றாடியதும் உண்மையே. இச்செயல்கள் அவர்மீதான குற்றச்சாட்டைக் குறைக்கும் சான்றுகளாகப் பொதுவாக எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் இவற்றிலிருந்தே வேறொன்றும் தெளிவாகிறது. தம் நாட்டில் என்ன நிகழ்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தபின்னும் ஆதரவைத் தொடர்ந்தார். ஹிட்லர் இறந்தபின், 1945 மே 7 அன்று நாளிதழில் வெளிவந்த இரங்கலுரையில், அவரை மனிதகுலத்திற்காகப் போராடியவராக ஹாம்சுன் போற்றினார். ஜெர்மனி தோற்றுவிட்ட அந்நாளில் இவ்வுரையால் அவருக்குக் கிடைக்கக்கூடிய நன்மை எதுவுமில்லை. அது வீழ்ந்தவருக்குச் செய்யும் மரியாதை எனத் தம் மகனிடம் அவர் விளக்கியதாக அறியப்படுகிறது.

மருத்துவ அறிக்கையும் தீர்ப்பும்

1945 மே 26 அன்று ஹாம்சுன் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பின்னர்க் கிரிம்ஸ்டாட் மருத்துவமனைக்கும், லாண்ட்விக் முதியோர் இல்லத்திற்கும் மாற்றப்பட்டார். அக்டோபரில் ஓஸ்லோவின் விண்டெரென் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய நான்கு மாதங்கள் பேராசிரியர் காப்ரியேல் லாங்ஃபெல்ட்டின் பரிசோதனைக்கு உள்ளானார். ஹாம்சுனின் மணவாழ்வு பற்றி மாரியிடம் மருத்துவர் பெற்ற அந்தரங்கச் செய்திகளும் பரிசோதனையில் பயன்படுத்தப்பட்டன. இதனையறிந்த ஹாம்சுன் மனைவியோடு நான்காண்டுகள் உறவை முறித்துக்கொண்டார்.

1946 பிப்ரவரியில் லாங்ஃபெல்ட்டும் ஓடெகோரும் அளித்த அறிக்கை, ஹாம்சுன் பித்துற்றவர் அல்லர். ஆயினும் அவருடைய மனத்திறன்கள் நிலையாகத் தளர்ந்துள்ளன என முடிவு கூறியது. இதன்பின் தலைமை அரசு வழக்கறிஞர் குற்றவியல் வழக்கைக் கைவிட்டார். அதே மாதத்தில் அமெரிக்காவில் எஸ்ரா பவுண்ட் மனநலக் குறைவால் விசாரணைக்குத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. பெரும்படைப்பாளரைத் துரோகி எனத் தண்டிக்கவும் விடுதலை செய்யவும் தயங்கிய இரு நாடுகளுக்கும் மருத்துவம் ஒரு நடுவழியைத் திறந்துவிட்டது.

எஞ்சியது இழப்பீட்டு வழக்கு. 1947 டிசம்பரில் கிரிம்ஸ்டாட்டில் நடந்த இவ்வழக்கில், அவர் நஷ்யோனால் சாம்லிங் கட்சியின் உறுப்பினரா என்பதே மைய வினாவாக இருந்தது. தொழில்முறை நீதிபதி உறுப்பினர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கருதினார். மக்களிலிருந்து அமர்ந்த நடுவர் இருவரும் மாறுபட்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பின்படி 4,25,000 குரோனர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1948-இல் உச்ச நீதிமன்றம் அதனை 3,25,000 குரோனராகக் குறைத்தது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி இதனால் கரைந்தது.

ஆக, மருத்துவர்கள் அவருடைய மூளையை ஆராய்ந்தனர். நீதிமன்றம் அவருடைய கட்சி உறுப்புரிமையை ஆராய்ந்தது. அவர் எழுதிய சொற்களுக்கு அவர் பொறுப்பாவாரா என்னும் வினா இவ்விரண்டிற்கும் இடையில் விடையின்றி நின்றுவிட்டது.

மேலும், அறிக்கை கூறும் தளர்ச்சிக்கு 1942-க்குப் பின் நேர்ந்த மூளை இரத்தக்கசிவுகளே முதன்மைக் காரணமாகக் காட்டப்பட்டன. ஆனால் 1889-இன் அமெரிக்க நூலும், 1915-இன் தூக்குமரக் கோரிக்கையும், 1935-இல் ஓசியெட்ஸ்கியைத் தாக்கிய கட்டுரையும், 1940 மே மாத அறைகூவலும் அந்நோய்க்கு முற்பட்டவை. நோயைக் கொண்டு விளக்க இயலாத அளவுக்கு இக்கருத்துகளின் தொடர்ச்சி நீண்டது.

'புதர் மண்டிய பாதைகளில்'

காவலில் இருந்த ஆண்டுகளிலேயே ஹாம்சுன் தம் இறுதி நூலை எழுதினார். 'புதர் மண்டிய பாதைகளில்' எனத் தமிழில் பெயர்க்கத்தக்க இந்நூல், அவர் காவலில் வைக்கப்பட்ட நாளில் தொடங்கி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அறிவிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டு நடுக்கோடையில் முடிகிறது. முதியோர் இல்லத்தின் அன்றாடம், தேய்ந்த காலணியுடன் செல்லும் நடைகள், உடனுறையும் முதியவர்கள், ஹாமரோய் நினைவுகள், அமெரிக்கப் பண்ணை நாள்கள் ஆகியவை சிறுசிறு துண்டுகளாக இதில் தொடுக்கப்பட்டுள்ளன. மருத்துவமனையில் தாம் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்துத் தலைமை அரசு வழக்கறிஞருக்கு எழுதிய நீண்ட கடிதமும், நீதிமன்றத்தில் ஆற்றிய உரையும் இடம்பெற்றுள்ளன.

இந்நூலை வெளியிட நேர்ந்த பதிப்பாளர் ஹாரல்ட் கிரீக்கின் நிலை குறிப்பிடத்தக்கது. அவர் ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜிகளால் சிறையிடப்பட்டவர். அவருடைய தம்பியும் கவிஞருமான நூர்டால் கிரீக் 1943 டிசம்பரில் பெர்லின் வான்தாக்குதலின்போது விமானத்தில் இறந்தவர். லாங்ஃபெல்ட்டின் பெயரை நூலிலிருந்து நீக்குமாறு கிரீக் கேட்டபோது ஹாம்சுன் உடன்படவில்லை. இறுதியில் 1949-இல் நூல் அப்பெயருடனேயே வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது தொண்ணூறு.

நூலின் நடை தெளிவானது, நகைச்சுவை கூரியது, நினைவாற்றல் குறைவற்றது. 'பசி'யில் கண்ட அதே தாவும் எடுத்துரைப்பு இங்கு அமைதி பெற்றுத் திரும்பியுள்ளது. மனத்திறன் நிலையாகத் தளர்ந்த ஒருவர் இதனை எழுதியிருக்க இயலுமா என வாசகர் ஐயுற்றனர். 1978-இல் டென்மார்க் எழுத்தாளர் தோர்கில்ட் ஹான்சன் ஹாம்சுன் வழக்கைப் பற்றி எழுதிய விரிவான நூல் இவ்வையத்தை மீண்டும் எழுப்பிப் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அந்நூலைத் தழுவி யான் ட்ரோயெல் இயக்கிய 'ஹாம்சுன்' திரைப்படம் 1996-இல் வெளியானது.

ஹாம்சுனின் ஆதரவாளர்கள் இந்நூலை அவருடைய வெற்றியாகக் கொள்கின்றனர். அவ்வெற்றியின் மறுபக்கம் அவர்கள் கவனத்திற்கு உரிய அளவில் வரவில்லை. நூல் மருத்துவ அறிக்கையைப் பொய்ப்பிக்குமாயின், அவ்வறிக்கை அளித்த பாதுகாப்பையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. தெளிந்த அறிவுடையவர் என நிறுவப்பட்டவர், தாம் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் விடைகூற வேண்டியவராகிறார். அவ்வாறு நோக்கும்போது நூலின் பேச்சைவிட அதன் மௌனமே மிகுதியாகப் புலப்படுகிறது. உடனுறையும் முதியவரின் சிறு அசைவையும் தவறவிடாத கண், நாடு கடத்தப்பட்டு அழிந்தவர்கள் பக்கம் திரும்புவதில்லை. நீதிமன்ற உரையில் தமக்கு உண்மைகளை எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்றும், தாம் நார்வேயின் நலனுக்காகவே எழுதியதாகவும் அவர் கூறுகிறார். வருத்தத்தைத் தெரிவிக்கும் ஒரு சொல்லும் நூலில் இல்லை. எதைக் கூறுவது, எதை விடுப்பது என்பதை நுட்பமாக அறிந்த கலைஞனின் நூலில் இம்மௌனத்தை மறதி எனக் கொள்ள இயலாது.

மரபும் மதிப்பீடும்

1952 பிப்ரவரி 19 அன்று ஹாம்சுன் தம் நோர்ஹோல்ம் பண்ணையில் இறந்தார். அவருடைய எழுத்தின் தாக்கம் அதற்கு முன்பே நார்வேயைக் கடந்திருந்தது. தாமஸ் மான், ஹெர்மன் ஹெஸ்ஸே, ஹென்றி மில்லர் எனப் பலர் அவரைப் போற்றினர். யூதரும் இத்திஷ் மொழி எழுத்தாளருமான ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இளமையில் ஹாம்சுனின் நாவல்களை இத்திஷில் பெயர்த்தவர். இருபதாம் நூற்றாண்டின் புனைவுநெறி முழுவதும் ஹாம்சுனிலிருந்தே கிளைத்தது என அவர் 1967-இல் மதிப்பிட்டார். நாஜிக் கொடுமைக்கு இலக்கான இனத்தைச் சார்ந்த ஒருவர் போருக்குப் பின்னும் இம்மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவில்லை என்பது, இலக்கியத் தாக்கத்தை அரசியல் தீர்ப்பால் அழித்துவிட முடியாது என்பதைக் காட்டுகிறது.

நார்வே நாட்டின் உறவு இன்னும் இறுக்கம் நிறைந்ததாகவே உள்ளது. 2009-இல் அவருடைய 150-ஆம் பிறந்த ஆண்டு அரசு ஆதரவுடன் நினைவுகூரப்பட்டது. ஹாமரோயில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் வடிவமைத்த ஹாம்சுன் மையம் அவ்வாண்டில் திறக்கப்பட்டது. எதிர்ப்புகளும் எழுந்தன. அதே ஆண்டில் மோனிகா ஜாகர் வெளியிட்ட ஆய்வுநூல், அவருடைய படைப்புகளில் இனம், பாலினம் பற்றிய பார்வைகளை விரிவாக ஆராய்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ஹாம்சுனின் அரசியல் நிலைப்பாடு முதுமையின் விளைவன்று. 1889 முதல் 1945 வரை அதன் வளர்ச்சியை அச்சேறிய சான்றுகளால் தொடர்ந்து காணமுடிகிறது.

2. அவருடைய எழுத்து முழுவதையும் அந்நிலைப்பாட்டின் வெளிப்பாடாகக் கொள்வதும் பொருந்தாது. 'பசி'யின் சிதறிய மனமும், 'நிலவள'த்தில் இங்கர் பெறும் பரிவும் ஆசிரியரின் கருத்துகளைக் கடந்து நிற்கின்றன. பார்ப்ரோவின் வழக்கும் ஸாமி மக்களின் சித்திரிப்பும் அக்கருத்துகளுக்கு ஆட்பட்டுள்ளன. ஆகவே ஒவ்வொரு படைப்பிலும், பகுதியிலும் இவ்வுறவைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

3. 'நிலவளம்' வழி ஹாம்சுனை அறிந்த தமிழ் வாசகர், அந்நாவலை மண்ணின் புகழ்பாடலாக மட்டுமன்றி, குற்றம், தண்டனை, நில உரிமை ஆகியவை குறித்த விவாதமாகவும் மீள்வாசிப்புச் செய்வதற்கு இடமுண்டு.

4. மருத்துவ அறிக்கையும் இழப்பீட்டுத் தீர்ப்பும் விடையளிக்காத பொறுப்பு என்னும் வினாவுக்கு அவருடைய இறுதி நூலே விடையாகிறது. அந்நூலின் கலைத்தரத்தை ஏற்பவர் அதன் ஆசிரியரின் அறிவுத் தெளிவை ஏற்கிறார். அறிவுத் தெளிவை ஏற்பவர் அவருடைய பொறுப்பையும் ஏற்க வேண்டியவராகிறார்.

படைப்பை அதன் ஆசிரியரிடமிருந்து பிரித்துக் காப்பாற்ற முயல்வோரும், ஆசிரியரை அவர்தம் முதுமையிடம் ஒப்படைத்து மன்னிக்க முயல்வோரும் ஹாம்சுனை அவருடைய ஆற்றலினும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். தம் அறிவு தளரவில்லை என்பதை நிறுவவே அவர் தொண்ணூறாம் வயதில் அந்நூலை வெளியிட்டார். அதனை நம்புவதே அவர் எழுத்துக்கு வாசகர் அளிக்கக்கூடிய மதிப்பாகும். அவர் செயலுக்கு அளிக்கக்கூடிய தீர்ப்பும் அதுவேயாகும்.